காஷ்மீர், வழி ஜமுனாமரத்தூர்

தாண்டவராயன் இமாசலப் பிரதேசத்தில் நின்று வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் "வெங்காயம், வெங்காயம், பெரிய வெங்காயம்" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது.

போனுக்குள் சக்கரவர்த்தியின் மீசை ஒரு பக்கமாக ஏறியது. அவர் போளூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். தாண்டவராயனுக்குச் சம்பந்தி. இவர் மகள் வெண்ணிலாவை அவர் பிள்ளைக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தது.

"இன்னா சம்பந்தி, இமாசலத்துல தமிழ்ல வெங்காயம் விக்கிறாங்க?"

"தமிழன் இல்லாத எடம் எது சம்பந்தி? நம்ம ஆரணிக்காரர் ஒருத்தரு. இங்கியே செட்டில் ஆயிட்டாரு."

"அப்பிடியா? ஆரணில எந்தத் தெருன்னு கேக்கணுமே. போன அவருகிட்ட குடுங்க."

தாண்டவராயன் போனை வயிற்றோடு அழுத்திக்கொண்டு ஆட்டோவிடம் ஓடினார். ஆட்டோக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. ஒரு மூட்டையை இறக்கிக்கொண்டால் தான் எந்த மாநிலத்தில் இருப்பதாகவும் சொல்லத் தயார் என்றார். மூட்டை இறங்கியது. அவர் போனை வாங்கி, ஆமாங்க ஆரணிதாங்க, பனி கொஞ்சம் ஜாஸ்தி, வியாபாரம் பரவாயில்லைங்க என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியை மறுபடி போட்டுக்கொண்டு நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போய்விட்டார்.

ஏனென்றால் அது இமாசலப் பிரதேசம் இல்லை. ஜவ்வாது மலை. போளூரில் பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற இடம். ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு, அந்த வளைவில் ஒரு டீக்கடை, டீக்கடைக்கு எதிரே நாலு சக்கரத்துக்கும் கல் முட்டுக்கொடுத்து நிற்கிற ஒரு வேன். ஆவணி மாதம் அங்கே வந்து நின்ற வேன். இப்போது மார்கழி.

தாண்டவராயன் ஓய்வுபெற்ற சர்வேயர். காலமெல்லாம் அடுத்தவன் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்த மனிதருக்கு, வீட்டில் உட்கார்ந்ததும் இந்தியாவையே அளந்துவிட வேண்டுமென்று ஆசை கிளம்பிவிட்டது. பழைய வேன் ஒன்றைப் பிடித்து, சீட்டுகளைக் கழற்றி எறிந்து, கட்டில் போட்டார். அடுப்பு வைத்தார். கூரைமேல் தண்ணீர் டாங்கியும் சோலார் தகடும் ஏற்றினார். இனி இதுதான் வீடு, ரெண்டு வருஷத்துக்கு ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று தெருவெல்லாம் சொன்னார். அவர் மனைவி பாஞ்சாலியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

வழியனுப்பு விழா என்றால் அப்படியொரு விழா. "போளூர் முதல் காஷ்மீர் வரை" என்று தெருமுனையில் ஃபிளக்ஸ். பம்பை, பூசணிக்காய், நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். எல்லாம் முடிந்து வண்டி நகரப்போகிற நேரத்தில்தான் சக்கரவர்த்தி வாயைத் திறந்தார். இந்த வண்டி எதிரில் தெரிகிற மலையைத் தாண்டினாலே பெரிய விஷயம் என்றார். தாண்டவராயனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வார்த்தை வளர்ந்தது. கடைசியில் மீசைமேல் வந்து நின்றது. காஷ்மீர் பனியில் நிற்கிற படம் வந்தால் சக்கரவர்த்தி மீசையை எடுக்க வேண்டும். போகாமல் திரும்பினால் தாண்டவராயன் எடுக்க வேண்டும். தெருவே சாட்சி.

சும்மா சொல்லக்கூடாது, இருவருக்குமே அது மீசை இல்லை, சொத்து. தாண்டவராயன் கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து வளர்த்தது. மீசையில்லாத அப்பாவை வெண்ணிலாவே அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாள். அதோடு, தோற்றவனின் மகள் என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு வந்துவிட்டால் பெண்ணுக்கு எத்தனை சங்கடம். அவர் யோசித்ததெல்லாம் அதுதான்.

முதல் ராத்திரி மலையில் குளுகுளுவென்று தங்கிவிட்டு, மறுநாள் அந்தப் பக்கம் திருப்பத்தூர் இறங்கி பெங்களூர் ரோட்டைப் பிடிப்பதாகத் திட்டம். வேன் மலையேறும்போதே முனகியது. பாதி மலையில் கிளட்ச் போனது. ஜமுனாமரத்தூர் மெக்கானிக் சின்னராஜ் வந்து அதைச் சரிபண்ணினார். அடுத்த வளைவில் கியர் பாக்ஸே பல்லை உடைத்துக்கொண்டது. சின்னராஜ் மறுபடி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, பார்ட்ஸ் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றார். வந்தது. வேறு மாடலுக்கானது. திருப்பி அனுப்பி வேறு வந்தது. அது சரியாகப் பொருந்தியது, ஆனால் அதற்குள் மழைக்கு ஒதுங்கிய எலிகள் வயரையெல்லாம் தின்றுவிட்டிருந்தன. வயரை மாற்றினால் பேட்டரி செத்திருந்தது. பேட்டரியை மாற்றி ஸ்டார்ட் செய்தபோது, பொருந்திய கியர் பாக்ஸும் பல்லை உடைத்துக்கொண்டது.

நின்ற முதல் நாள் சாயங்காலமே சக்கரவர்த்தி போன் செய்திருந்தார். எங்கே இருக்கீங்க என்று அவர் கேட்க, "கிருஷ்ணகிரி தாண்டிட்டோம்" என்று தாண்டவராயன் வாயிலிருந்து வந்துவிட்டது. நாளைக்கு வண்டி சரியாகிவிடும், கிருஷ்ணகிரி தாண்டிவிடும், பொய் மெய்யாகிவிடும் என்றுதான் பாவம் நினைத்தார். மறுநாள் வண்டி நகரவில்லை. பொய் நகர்ந்துதானே ஆகவேண்டும்? அது ஆந்திராவுக்குள் போய்விட்டது.

பொய்யென்றாலும் சர்வேயர் பொய். அளவு தப்பாது. தினமும் சாயங்காலம் போனில் மேப்பை விரித்து, ஒரு மனிதன் ஒரு நாளில் ஓட்டக்கூடிய தூரம்தான் ஓட்டுவார். அதற்குமேல் ஓர் அடி ஓட்ட மாட்டார். நம்பிக்கை வரவேண்டுமென்று நாக்பூரில் ஒரு பஞ்சர்கூடப் போட்டார். அந்த மலையிலேயே இருக்கிற பீமன் அருவி மத்தியப் பிரதேசத்தில் விழுந்தது. ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் படகில் உட்கார்ந்து இருட்டுகிற நேரத்தில் எடுத்த படம் காசியில் கங்கை ஆனது.

காசியில்தான் சிக்கல் வந்தது. காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றை அங்கேயே விட்டுவிட வேண்டும் அல்லவா, என்ன விட்டீர்கள் என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். கத்திரிக்காய் என்று பெருமையாகச் சொன்னார். போனை வைத்ததும் பாஞ்சாலி, எதிர் டீக்கடை கெங்கம்மாள் கொடுத்திருந்த பிஞ்சுக் கத்திரிக்காயை அள்ளிக்கொண்டுபோய் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏன்டி, நான் காசிக்குப் போகவே இல்லியே."

"கங்கை பேரச் சொல்லி விட்டேன்னு சொன்னது சொன்னதுதான். உம்ம பொய்க்கு நீர் பொறுப்பு. பாவத்துக்கு என்ன கூட்டு சேக்காதீரு."

அன்றிலிருந்து அவருக்குக் கத்திரிக்காய் கிடையாது. அந்த மலையில் அப்போது விளைந்ததெல்லாம் கத்திரிக்காய்.

கெங்கம்மாள் மலைக்காரி. சாமைக்காட்டில் வேலை இல்லாத நேரத்தில் டீ போடுவாள். வேன் வந்த புதிதில் அவள் கடையில் ஒரே ஒரு பெஞ்சு, அதில் ஒரு நாய் படுத்திருக்கும். இப்போது நாலு பெஞ்சு, பஜ்ஜிச் சட்டி, தலைக்குமேல் தார்ப்பாய். முன்பெல்லாம் அந்த வளைவில் நிற்காத போளூர் பஸ் இப்போது நின்று ஆள் இறக்கியது. இறங்கியவர்கள் டீ குடிப்பார்கள், பஜ்ஜி தின்பார்கள், வேனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அடுத்த பஸ் ஏறி மலையிறங்கிப் போய்விடுவார்கள். தாண்டவராயன் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே படுத்திருப்பார். பஜ்ஜி நன்றாக இருந்தால் கூட்டம் வரத்தான் செய்யும் என்று பாஞ்சாலியிடம் சொல்வார்.

வெங்காயத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இமாசலத்தில் இருக்கிறீர்கள், ஆப்பிள் அனுப்ப மாட்டீர்களா என்று சக்கரவர்த்தி உரிமையோடு கேட்டுவிட்டார். பார்சலில் அனுப்பினால் எங்கிருந்து வந்தது என்று முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சின்னராஜ் திருப்பத்தூர் போனபோது ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கிவரச் சொல்லி, மறுபடி அவரையே ஹெல்மெட்டைக் கழற்றாமல் போளூர் மண்டி வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னார். வடக்கிலிருந்து வந்த லாரிக்காரர் இறக்கிவிட்டுப் போனதாக ஏற்பாடு.

மறுநாளே போன் வந்தது.

"ஆப்பிள் தேனு சம்பந்தி. ஆனா ஒவ்வொண்ணு மேலயும் நியூசிலாந்துன்னு ஸ்டிக்கரு ஒட்டிக்கீதே."

தாண்டவராயன் சமாளித்தார். "நாத்து அங்கேருந்து வந்தது சம்பந்தி. இங்க ஸ்டிக்கரோடவே காய்க்குது."

பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் சக்கரவர்த்தி இருமினார். ரொம்ப நேரம் இருமினார். தூசி என்றார்.

இனி இழுக்க முடியாது, காஷ்மீரைத் தொட்டுவிட வேண்டியதுதான் என்று தாண்டவராயன் முடிவுகட்டினார். மலையில் பனிமூட்டம் இருந்தது. ஆனால் காஷ்மீர் என்றால் தரையில் வெள்ளையாகக் கிடக்க வேண்டுமே. வேனுக்குள் கண்ணை ஓட்டினார். கண் மெத்தைமேல் போய் நின்றது. நல்ல இலவம் பஞ்சு மெத்தை. பாஞ்சாலி அவர் பார்வையைப் பார்த்தாள். வேண்டாம் என்றாள். அவர் கத்தியை எடுத்துவிட்டார்.

விடிந்தும் விடியாமல் பஞ்சைப் பரப்பினார். புல்மேல், வேன் கூரைமேல், பாறைமேல். தன் தோள்மேலும் கொஞ்சம் தூவிக்கொண்டார். ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், கம்பளி. பாஞ்சாலி போனைப் பிடித்தாள். படம் எடுக்கிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கெங்கம்மாளின் ஆடுகள் பனிக்குள் வந்து மேய ஆரம்பித்தன. அப்புறம் காற்று அடித்தது. காஷ்மீர் மொத்தமும் கிளம்பி எதிர்க்கடை எண்ணெய்ச் சட்டியில் போய் விழுந்தது. கெங்கம்மாள் கரண்டியோடு வந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருந்த கூட்டம் கைதட்டியது. இரண்டு பேர் படம்கூடப் பிடித்தார்கள். நகரத்து ஜனங்களுக்குப் பனி என்றால் ஆசை என்று தாண்டவராயன் நினைத்துக்கொண்டார்.

படம் போய்ச் சேர்ந்ததும் சக்கரவர்த்தி அழைத்தார். பனிக்கு நடுவில் நிற்கும் ஆடு நம்மூர் ஆடு மாதிரி இருக்கிறதே, காஷ்மீர் ஆட்டுக்கு முடி நீளமாக இருக்குமே என்று கேட்டார். சால்வை நெய்வதற்காக நேற்றுதான் வெட்டினார்கள் என்று தாண்டவராயன் சொன்னார். மறுபடியும் இருமல். அதன்பிறகு சக்கரவர்த்தி குரலைத் தழைத்துக்கொண்டு பேசினார்.

"நான் தோத்துட்டேன் சம்பந்தி. ஞாயித்துக்கெழம காலையில பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சலூன்ல, தெருக்காரங்க முன்னாடி மீசைய எடுத்துடறேன். நீங்க வீடியோவுல பாத்துக்கோங்க."

தாண்டவராயன் குதித்தார். பாஞ்சாலியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி, வேனின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். அந்தச் சந்தோஷம் சாப்பிட உட்காருகிற வரைக்கும் இருந்தது. சோற்றில் கை வைத்ததும் சம்பந்தியின் மீசை நினைவுக்கு வந்தது.

வெண்ணிலா டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது மண்டியைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்த மனிதர் அந்தச் சக்கரவர்த்தி. மருமகள் கண் விழித்ததும் வெளியே வந்து, மீசையெல்லாம் நனைய அழுதவர். அந்த மீசையை இலவம் பஞ்சுக்காக எடுக்கப்போகிறார். தாண்டவராயனுக்கு வெட்கமாக இருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் வராத வெட்கம் ஒரேயடியாக வந்தது.

"பாஞ்சாலி, நான் தப்பு பண்ணிட்டேனா?"

"ஊரு ஊரா பொய் சொன்னீரு, சிரிச்சிக்கினேன். ஒருத்தரு மீசைய எடுக்க வெச்சிட்டு நாளைக்குப் பேரன் பொறந்தா எந்த மூஞ்சோட போய்ப் பாப்பீரு?"

இரண்டு நாள் மெத்தை இல்லாத கட்டிலில் வெங்காயச் சாக்கை விரித்துப் படுத்துப் புரண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குல்லாயை மாட்டிக்கொண்டு அவர் வேனைவிட்டு இறங்கும்போது சின்னராஜ் பைக்கில் வந்து நின்றார். பின்னால் ஒரு பெட்டி. கடைசியில் சரியான கியர் பாக்ஸ் வந்துவிட்டது, மத்தியானத்துக்குள் மாட்டிவிடுவேன் என்றார்.

"நேத்துதான் வந்திச்சி சார். சாயங்காலம் கெளம்புனீங்கன்னா நெஜமாவே காஷ்மீர் போய்டலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

தாண்டவராயன் பெட்டியைப் பார்த்தார். நிஜமாகவே ஆசையாக இருந்தது. இன்றைக்குப் போனை அணைத்துவிட்டால் போதும். ஒரு மாதத்தில் அசல் பனியில் நின்று அசல் படம். ஜெயித்தது ஜெயித்ததாகவே இருக்கும். மீசை முகத்திலேயே இருக்கும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே மீசையைத் தடவினார். கை கீழே இறங்கியது.

"நீங்க வண்டியப் பாருங்க சின்னராஜ். நான் போளூர் போய்ட்டு வந்துர்றேன். அவரு கத்திகிட்ட உக்கார்றதுக்கு முன்னால நான் உக்காரணும்."

பாஞ்சாலி அவர் ஸ்வெட்டரில் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவரைப் பார்த்து முகம் மலர்ந்தாள். திரும்பி வந்தால் கத்திரிக்காய்ப் பொரியல் உண்டு, கங்கையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

ரோட்டோரம் போய் நின்றார். போளூரில் இறங்கியதும் நேராகச் சம்பந்தி கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணகிரியில் ஆரம்பிப்பதா, காசியில் ஆரம்பிப்பதா என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். தெரு சிரிக்கும். சிரிக்கட்டும். வெண்ணிலா கொஞ்ச நாள் தலைகுனிவாள். அப்பன் வலிய வந்து ஒத்துக்கொண்டான் என்று ஒரு பேச்சாவது அவளுக்கு மிஞ்சும்.

ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் வந்தது. நிறுத்துவார்களோ மாட்டார்களோ என்று அவர் கையைத் தூக்குவதற்குள் அதுவாகவே வந்து, படி சரியாக அவர் காலடியில் இருக்கும்படி நின்றது. ஏறினார். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சின்னப் பேச்சு, சிரிப்பு எல்லாம் சட்டென்று அடங்கியது. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் குல்லாயைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, "போளூர் ஒண்ணு" என்று கீழ்க்குரலில் சொன்னார்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பிறகு விசிலை ஊதிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டே டிரைவரைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, காஷ்மீர் ஸ்டாப்புல ஏற வேண்டியவரு ஏறிட்டாரு, ரைட்டு போலாம், அவங்க சம்பந்தி லைன்லதான் கீறாரு, சலூன்காரர ரெடியா நிக்க வெக்கச் சொல்லிட்டேன்."